ஃபைலில் இருந்த ஒரு வரி

தம்பி இரண்டாவது முறை டிஸ்சார்ஜ் ஆன அன்று, டாக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் அவனுடைய ஃபைலை முழுக்கப் படித்தேன். மருந்துகளின் பெயர், அளவு, எந்த வேளைக்கு எது, அடுத்து எப்போது வர வேண்டும், எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘குடும்பம்’ என்று போட்டு அதற்கு நேரே ஒரு வரி: ‘குடும்ப ஆதரவு நன்று. அக்கா கூடவே இருக்கிறார்.’

படித்ததும் பெருமையாகத்தான் இருந்தது. அதில் பொய்யும் இல்லை, நான் கூடவேதான் இருந்தேன். ஆனால் அந்த வரியை எழுதும் முன் என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. எதில் நல்ல ஆதரவு, எத்தனை நாளைக்கு, எதை விட்டுக்கொடுத்து? இந்தக் கேள்விகள் எனக்கே உறைக்க ஏழு மாதம் ஆயிற்று. அதுவும் அவனை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு.

அவனுக்கு இருமுனைக் கோளாறு. பைபோலார் என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். மனம் கட்டுக்கடங்காமல் எழும்பும் காலமும், படுக்கையை விட்டு எழவே முடியாமல் அமுங்கிப்போகும் காலமும் மாறி மாறி வரும். மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது அவனுக்கு நன்றாகக் கேட்டது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு, ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. ஒரு சமயம் முழங்காலில் அடிபட்டு வலி தாங்கவில்லை என்றான். வீட்டில் இருந்த ஐபுப்ரோஃபெனைக் கொடுத்தேன். வலி விடவில்லை என்பதால் ஒரு வாரம் போலத் தொடர்ந்து கொடுத்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. லேசான நடுக்கம் முன்பே இருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வாந்தி. ஒரு காலையில் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில் கொட்டியது. எழுந்து நடந்தால் தள்ளாடினான், பேச்சு குழறியது.

பரிசோதித்தபோது ரத்தத்தில் லித்தியம் அளவு எகிறியிருந்தது. லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அந்த வெளியேற்றத்தைக் குறைத்துவிடும். வாந்தி, பேதி, கடுமையான வியர்வை என்று உடம்பில் நீர் வற்றினாலும் அளவு ஏறும். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். கடைசியாக மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில்தான் அந்த எண்ணைச் சரியாகப் பார்க்க முடியும். குணமாக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. இவ்வளவையும் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதும். டிஸ்சார்ஜ் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யாராவது கேட்டிருந்தால் அந்த ஐந்து நிமிடம் கிடைத்திருக்கும்.

அந்த முறைதான் வார்டில் இருந்த சமூகப் பணியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அம்மாவும் எழுந்தார். “உங்ககிட்ட நாளைக்குத் தனியாப் பேசறேன்மா” என்று அவரை உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?”

“பதினொரு மணிக்கு மாத்திரை போட்டான் மேடம். ஒரு மணி வரைக்கும் புரண்டுகிட்டே இருந்தான்…”

“அவர் இல்ல. நீங்க.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே ஞாபகம் இல்லை. தம்பி எந்த இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கேட்டால் சொல்லிவிடுவேன், ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். என் தூக்கத்தைப் பற்றி நானே நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் பக்கம் பக்கமாகப் புரட்டி, முதல் இரண்டு முறையும் அவனை வார்டில் சேர்ப்பதற்கு முந்தைய வாரத்தில் விரலை வைத்தார். ஏழு மணி நேரத்திலிருந்து ஐந்து, நாலு, மூன்று என்று தூக்கம் படிப்படியாக இறங்கியிருந்தது. ஆனால் அவன் சோர்வாக இல்லை, ‘சுறுசுறுப்பாக இருந்தான், மூன்று மணிக்கு எழுந்து அலமாரியை அடுக்கினான்’ என்று நானே பக்கத்தில் எழுதியிருந்தேன். தூங்காமலே தெம்பாக இருப்பது மேனியா, அதாவது மனம் கட்டுக்கடங்காமல் எழும்பும் காலம், வரப்போவதன் முக்கியமான முன்னறிகுறி. அதை நான் குறித்து வைத்தேனே தவிர, அது எச்சரிக்கை என்று எனக்குத் தெரியாது. “இது உங்க பலம்” என்றார். “பொறுமைசாலி, பாசமான அக்கா, இதெல்லாம் திட்டத்துல எழுதி எங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. தினமும் தூக்கத்தைக் கவனிச்சுத் தப்பில்லாமக் குறிக்கிறீங்க பாருங்க, அதை வெச்சு நாங்க வேலை செய்ய முடியும்.” தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால் நான் யாரைக் கூப்பிட வேண்டும், அவர்கள் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று டாக்டரிடம் பேசி எழுதி வாங்கிக்கொடுத்தார்.

பலம் என்பதைக் குணத்தில் தேடாமல் செய்கையில் தேட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்கிறீர்கள் என்று மணி வாரியாகச் சொல்லச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும், “இது உங்களுக்குச் சுலபமா வருதா, இல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டுச் செய்யறீங்களா?” என்று கேட்டார். மருந்து, ரத்தப் பரிசோதனைத் தேதி, டாக்டரிடம் தெளிவாகப் பேசுவது எல்லாம் சுலபமாக வந்தன. அவன் குரலை உயர்த்தினால் மட்டும் எனக்குக் கை கால் ஓடாது. நின்ற இடத்திலேயே நின்றுவிடுவேன். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்னை நம்பி அவனை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களோ என்ற பயம்.

அவர் அதைக் குறையாக எழுதவில்லை. ‘வாக்குவாதம் முற்றும் நேரத்தில் அக்காவால் தனியாகச் சமாளிக்க இயலாது, இன்னொருவர் தேவை’ என்று எழுதினார். அந்த இன்னொருவர் சித்தப்பா. ஆஸ்பத்திரி வாசனையே அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் அவரை எதற்கும் உதவாதவர் என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம். ஆனால் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தம்பி அடங்கிவிடுவான். ஏனென்று இன்றுவரை தெரியாது. நள்ளிரவிலும் கூப்பிட்டால் வருகிறேன் என்றார். அவரிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லை. அம்மாவிடம் பேசியதில் வேறு ஒன்று தெரிந்தது. அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்க முடிவதில்லை. நான் வேலைக்குப் போன நாட்களில் மதிய மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். என் முன்னால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். வீட்டில் கவனித்துக்கொள்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று நான் இன்று பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்த நிறம்தான் காரணம்.

அப்புறம் கேள்வித்தாள்கள். சுமையை அளக்க அவர் கொடுத்தது ஜாரிட் அளவுகோல். ஸ்டீவன் ஜாரிட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1980-இல், மறதி நோய் வந்த முதியவர்களைக் கவனிப்பவர்களுக்காக உருவாக்கியது. முதலில் 29 கேள்விகள், இப்போது பெரும்பாலும் பயன்படுவது 22 கேள்விகள் கொண்ட வடிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. எனக்கு 47 வந்தது, மிதமானதிலிருந்து கடுமையானது வரை என்று வகைப்படுத்தும் இடம் அது. ஆனால் மொத்தத்தைவிட எந்தக் கேள்விகளுக்கு 4 போட்டேன் என்பதில்தான் விஷயம் இருந்தது. எனக்கென்று நேரம் இல்லை என்பதற்கு 4. அவனுடைய எதிர்காலத்தை நினைத்துப் பயம் என்பதற்கு 4. முதலாவதற்கு ஏதாவது ஏற்பாடு செய்ய முடியும், செய்தார்கள். இரண்டாவது இன்றைக்கும் 4-தான். அதைக் குறைக்க முடியாவிட்டாலும், அப்படி ஒரு பயம் இருக்கிறது என்று ஒரு தாளில் பதிவானதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த அளவுகோல் சுமையை மட்டும்தான் அளக்கும். ஒருவரால் என்ன முடியும் என்பது அதில் வராது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் பாதி மனிதரைத்தான் பார்த்ததாகும்.

இன்னொரு தாளில் ஒன்பது கேள்விகள். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9. மொத்தம் 27, பத்தும் அதற்கு மேலும் வந்தால் கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். எனக்கு 14. தம்பியின் ஃபைலில் எனக்குச் சிகிச்சை எழுத முடியாது, எனக்கென்று தனியாக ஒரு டாக்டர் வேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார். கவனித்துக்கொள்பவர்களிடம், வாழ்ந்தது போதும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை. என்னிடம் கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னேன், உண்மையும் அதுதான். ஆனால் கேட்டார்களே என்று அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன். இப்படி ஒரு எண்ணம் யாருக்காவது இருந்தால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இல்லாமல் அன்றைக்கே மருத்துவர் காதில் போட்டுவிடுங்கள்.

குடும்பத்தின் பலத்தைப் பற்றிப் பேசும்போது இந்தத் துறையில் ஒரு பழைய ஆராய்ச்சியை அடிக்கடி சொல்வார்கள். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போன நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோருடனோ வாழ்க்கைத் துணையுடனோ வாழப் போனவர்களுக்கு, தனியாக அறை எடுத்துத் தங்கியவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பியது. பிறகு 1976-இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ளவர்களின் வீடுகளில் குற்றம் சொல்வதோ வெறுப்போ அளவுக்கு மீறிய பொத்திப் பாதுகாப்போ இருந்து, வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று காட்டினார்கள். பைபோலார் உள்ளவர்களிடமும் பிற்பாடு இதே போக்கைக் கண்டார்கள். இதை வைத்துக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் உண்டு, அது அநியாயம். சோர்ந்துபோனவர்தான் சிடுசிடுப்பார், பயந்துபோனவர்தான் பொத்திப் பொத்தி வைப்பார். நான் இந்த ஆராய்ச்சியிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. அவர்கள் அளந்தவற்றில் கனிவும், மனதாரப் பாராட்டும் சொற்களும்கூட இருந்தன. அம்மாவிடம் அது ஏராளமாக இருந்தது. மருந்து விவரம் தெரியாது என்று அவரை ஓரமாக வைத்திருந்தோம், வீட்டிலேயே பெரிய மருந்து அவர் கையில் இருந்தது. இன்னொன்று அந்த 35 மணி நேரம். தம்பி வாரத்தில் நாலு நாள் பகல்நேரப் பயிற்சி மையத்துக்குப் போக ஆரம்பித்தது எனக்கு ஓய்வு தருவதற்கான சலுகை இல்லை, அவனுடைய சிகிச்சையில் ஒரு பகுதி. அப்படி விளக்கிய பிறகுதான் என்னால் குற்ற உணர்வு இல்லாமல் அவனை அனுப்ப முடிந்தது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பலத்தை எழுதிக்கொள்வதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ‘அக்கா மருந்தை நன்றாகக் கவனிக்கிறார்’ என்று எழுதிவிட்டால், அடுத்த நிமிடமே அது அக்காவின் கடமை ஆகிவிடுகிறது. நான்கு வருடம் நான் ஒரு இரவுகூட வெளியூர் தங்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, நான் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நன்றாகச் செய்பவர் தலையில்தான் எல்லாம் வந்து விழும். அதனால் பலத்தை எழுதும்போதே அதற்கு எல்லையையும் பக்கத்தில் எழுத வேண்டும். எங்கள் திட்டத்தில் இப்போது மருந்துக்கு நேரே இப்படி இருக்கிறது: ‘அக்கா, வாரத்தில் ஐந்து நாள். மற்ற இரண்டு நாள் நாள்வாரி மாத்திரைப் பெட்டியிலிருந்து தம்பியே எடுத்துக்கொள்வான், சித்தப்பா இரவில் போனில் கேட்பார். அக்கா தூக்கக் குறிப்பு எழுதுவதை மூன்று நாள் தொடர்ந்து விட்டுவிட்டால் அவர் சோர்ந்துவிட்டார் என்று பொருள், கூப்பிட்டு விசாரிக்கவும்.’ கடைசி வரி நான் சொல்லி எழுதியது. அவனுக்கு முன்னறிகுறி இருப்பது போல எனக்கும் உண்டு.

நாள்வாரிப் பெட்டி தம்பியின் யோசனை. அவனையும் உட்கார வைத்து, அக்கா செய்வதில் எது உனக்கு உதவுகிறது, எது வேண்டாம் என்று கேட்டார்கள். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்டச் சொல்றா. அது மட்டும் வேண்டாம்” என்றான். நான் அதைப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு அவமானமாக இருந்திருக்கிறது. பிறகு, “நோட்டு எழுதறது பிடிக்கும், ஆனா எனக்கும் காட்டணும்” என்றான். இப்போது அந்த நோட்டில் ஒரு பக்கம் அவன் எழுத்து, மறுபக்கம் என் எழுத்து. கவனித்துக்கொள்பவரின் திறமையை மதிப்பிடும்போது, அந்தக் கவனிப்பைப் பெறுபவரிடம் கேட்காமல் முடிவு செய்வது சரியாகாது.

தகவல் விஷயத்தில் பலருக்குக் குழப்பம். தம்பியின் சம்மதம் இல்லாமல் அவனைப் பற்றி டாக்டர் என்னிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, அது நியாயம். ஆனால் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ஐபுப்ரோஃபெனும் லித்தியமும் சேரக் கூடாது என்பது போன்ற பொது விவரங்களைச் சொல்லவும் தடை இல்லை. எதை யாரிடம் பகிரலாம் என்பதை அவன் தெளிவாக இருந்த ஒரு நாளில் அவனிடமே கேட்டு எழுதிக்கொண்டோம். நெருக்கடி வந்த பிறகு கேட்டால் பதில் கிடைக்காது.

இப்படி ஒரு மதிப்பீட்டுக்கு உட்காரப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயம் சொல்லத் தோன்றுகிறது. நல்ல நாளை மனதில் வைத்துப் பதில் சொல்லாதீர்கள், போன மாதத்தின் மோசமான வாரத்தை நினைத்துச் சொல்லுங்கள். ‘சமாளிச்சுக்குவேன்’ என்ற சொல்லை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அதைச் சொன்னால் அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மணிக்கணக்கில் சொல்லுங்கள்: இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், வேலைக்கு எத்தனை நாள் போகவில்லை, உங்களுடைய சொந்த உடம்புக்கான பரிசோதனையை எத்தனை முறை தள்ளிப்போட்டீர்கள். பணக் கஷ்டத்தையும் சொல்லுங்கள், அது மனநலத்துக்குச் சம்பந்தமில்லாதது இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பத்து வயதுப் பிள்ளையும் கவனித்துக்கொள்பவர்தான், ஆனால் எந்த ஃபைலிலும் பெயர் இருக்காது. இதையெல்லாம் பார்க்கிறவருக்கும் ஒரு வார்த்தை: ‘இதை என்னால் செய்ய முடியாது’ என்று ஒருவர் சொன்னால் உடனே மாற்று யோசனை சொல்லாதீர்கள். முதலில் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2014-இல் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை), ஸ்கிசோஃப்ரினியா உள்ள பெரியவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் இது தெளிவாகவே இருக்கிறது. கவனித்துக்கொள்பவரின் தேவைகளைத் தனியாக மதிப்பிட முன்வர வேண்டும், அவருடைய பலங்களையும் கருத்துகளையும் அவரோடு பேச வேண்டும், அதன்படி திட்டம் எழுதி அவர் கையில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் மறுபார்வை செய்ய வேண்டும். எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும் இந்த நாலையும் நாம் வாய்விட்டுக் கேட்கலாம். குறிப்பாகப் பிரதியைக் கேளுங்கள். கையில் தாள் இருந்தால்தான் ‘இதில் இப்படி எழுதியிருக்கிறதே’ என்று அடுத்த முறை காட்ட முடியும்.

ஆண்டுக்கு ஒருமுறை என்பது எங்களுக்குப் போதவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்காருகிறோம். போன முறை நான் போனபோது எனக்கு வேலையில் இரவுப் பணி வந்திருந்தது. சொன்னேன். அவர் திட்டத்தை எடுத்து, ‘அக்கா, வாரத்தில் ஐந்து நாள்’ என்பதில் ஐந்தை அடித்து மூன்று என்று எழுதி, என்னையும் தம்பியையும் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போடச் சொன்னார். மீதி நாட்களுக்கு யார் என்ற இடம் காலியாக இருந்தது. தம்பி பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினான்.